வன்னி வீட்டுக் கரண்ட் பில்: 139 யூனிற்றை எதில இருந்து குறைக்கத் தொடங்குறது?

கனகராயன்:

கரண்டைக் குறைக்கிற கதை வந்தால் எல்லாரும் முதல்ல லைற் சுவிச்சைத்தான் பாக்கினம். எல்.ஈ.டி. வந்த பிறகு அதில பிடிக்க அவ்வளவு மிச்சம் இல்லை. இப்ப வன்னியில இருக்கிற சாதாரண வீடொண்டை எடுங்கோ: ரெண்டு அறை, ஹோல், குசினி, கிணத்து மோட்டர், மேல 1000 லீற்றர் தாங்கி, நாலு பேர்.

ஒரு யூனிற் எண்டது 1000 வாற் சாமான் ஒண்டு ஒரு மணித்தியாலம் ஓடினால் போற கரண்ட். 30 நாளுக்கு இப்பிடி வரும். பழைய பிறிஜ் நாளுக்கு 1.6 யூனிற் எண்டு வைச்சால் 48. சீலிங் ஃபான் ரெண்டு, ஒண்டு 75 வாற், ரெண்டும் சேர்ந்து நாளுக்கு 18 மணித்தியாலம் ஓடினால் 40. மோட்டர் 1100 வாற் இழுத்து நாளுக்கு 40 நிமிஷம் ஓடினால் 22. ரைஸ்குக்கர் 9, ஆறு எல்.ஈ.டி. குமிழுக்கும் 8, ரீவி 7, அயன் 5. கூட்டினால் 139. பிறிஜ், ஃபான், மோட்டர் மூண்டும் மட்டும் 110. ஆறு குமிழையும் ஒரு மாதம் போடாமல் இருட்டுக்க இருந்தாலும் 8 யூனிற்தான் குறையும்.

இலங்கையின்ர வீட்டு மின்கட்டணத்தில 60 யூனிற் ஒரு வாசல்படி. அதுக்குள்ள நிண்டால் முதல் 30க்கும் அடுத்த 30க்கும் குறைஞ்ச விலை. தாண்டினால் அந்தச் சலுகை முதலாவது யூனிற்றில இருந்தே போயிடும், வேற அட்டவணைக்கு மாறுவியள். பிறகு 90, 120, 180 எண்டு படி ஏற ஏற யூனிற் விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். விலை அடிக்கடி மாறுறதால தொகை எழுதேல்லை, உங்கட கடைசி பில்லைப் பாருங்கோ.

இந்த 139ஐ முதல்ல 90க்குள்ளயும், முடிஞ்சால் 60க்குக் கிட்டவும் கொண்டுவர எந்த ஒழுங்கில போகலாம்?

கம்பிவேலை:

அண்ணை, கணக்குச் சரி. ஆனா வீட்டுக்கு வீடு இந்த எண் மாறும். அதால சாமான் வாங்க முதல் மீற்றரால அளவுங்கோ. ஒரு சதமும் செலவில்லை.

இலக்க மீற்றரின்ர முகத்தில சின்னச் சிவப்பு லைற் ஒண்டு மின்னும். ஒரு யூனிற்றுக்கு எத்தினை தரம் மின்னும் எண்டது அதுக்குக் கிட்டவே அச்சடிச்சிருக்கும். 1000, 1600, 3200 எண்டு மீற்றருக்கு மீற்றர் வேற. வீட்டில எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டு அளக்கிற சாமானை மட்டும் போடுங்கோ. 10 மின்னலுக்கு எத்தினை செக்கன் எண்டு போனில நேரம் பிடியுங்கோ. முதல் மின்னலைப் பூச்சியம் எண்டு எண்ணோணும். ஒண்டு எண்டு தொடங்கினால் உங்களிட்ட இருக்கிறது ஒம்பது இடைவெளிதான், விடை பிழைக்கும். பிறகு 3 கோடியே 60 இலட்சத்தை மீற்றர் எண்ணால பிரிச்சு, வாறதைச் செக்கனால பிரியுங்கோ. 1600 மீற்றரில 10 மின்னலுக்கு 75 செக்கன் எண்டால் சாமான் 300 வாற் இழுக்குது.

அடுத்தது முக்கியம். எல்லாச் சாமானையும் பிளக்கில இருந்து கழட்டி, மெயினை மட்டும் போட்டு விட்டு 15 நிமிஷம் மீற்றரைப் பாருங்கோ. 1600 மீற்றரில ரெண்டு மின்னல் எண்டால் 5 வாற். அதுக்கு மேல போனால் எங்கயோ ஒழுகுது. வன்னி வீடுகளில நான் முதல் சந்தேகப்படுறது கிணத்தடிக்குப் போற நிலக்கேபிளை. குழாய்க்குள்ள விடாமல் மண்ணில தாட்டிருந்தால் மண்வெட்டி பட்டிருக்கும், இல்லாட்டி எலி கடிச்சிருக்கும். ஒழுக்கு வந்தால் கரண்டைத் தானா வெட்டுற ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் எண்டால் ஏறத்தாழ 7 வாற் ஒழுக்கிலயே விழோணும். அதுக்கு மேல ஒழுகியும் விழேல்லை எண்டால் ட்ரிப் பழுது. அப்ப யூனிற்றை மறந்துபோட்டு அண்டைக்கே ட்ரிப்பை மாத்துங்கோ, ஆள் சாகிற விஷயம். ட்ரிப்பில இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கா அமத்திப் பாக்கிறது நல்லது.

பிறிஜ்ஜை ஒரு நிமிஷத்தில அளக்கேலாது, அது ஓடி ஓடி நிக்கும். படுக்கேக்க மீற்றர் எண்ணை எழுதுங்கோ, விடியவும் எழுதுங்கோ. இடையில ஓடின ஃபானின்ர வாற்றை மணித்தியாலத்தால பெருக்கிக் கழிச்சால் மிச்சம் பிறிஜ்.

ஊமலடுப்பு:

பிறிஜ் 1.6 எண்டால் அதை மாத்த முதல் கதவு ரப்பரைப் பாருங்கோ. ஒரு கடதாசியைக் கதவுக்க வைச்சுப் பூட்டி இழுங்கோ. இழுபட்டு வாற இடத்தில ரப்பர் செத்துப் போச்சு. நாலு பக்கமும் செய்யோணும். கூடுதலாக் கீழ் மூலையிலதான் பிழை இருக்கும். இளகின ரப்பரைச் சுடுதண்ணித் துணியால சூடாக்கி இழுத்துச் சரிசெய்யலாம். வெடிச்சிருந்தால் மாத்தத்தான் வேணும்.

பிறகு வைச்சிருக்கிற இடம். சுவருக்கும் பிறிஜ்ஜுக்கும் இடையில ஒரு சாண் இடம் விடோணும். மேற்குச் சுவரோட ஒட்டி வைச்சால் பின்னேரம் முழுக்கச் சுவர் அதைச் சுடவைக்கும். பழைய பிறிஜ் எண்டால் மேல்பெட்டியில ஐஸ் விரல் மொத்தத்துக்கு வர முதலே இளக்கி எடுங்கோ. ஐஸ் ஒரு போர்வை மாதிரி. குளிரை உள்ளுக்க விடாது. கத்தியால குத்தி எடுக்க வேண்டாம், குழாய் ஓட்டையாகும்.

ஸ்ரபிளைசர் வைச்சிருக்கிறவை அதைத் தொட்டுப் பாருங்கோ. எந்த நேரமும் சூடாக் கிடந்தால் அதுவே 10 வாற் தின்னுது எண்டு வையுங்கோ, மாதம் 7 யூனிற். உங்கட பக்கம் வோல்ற்றேஜ் ஒழுங்கா வருது எண்டால் அது தேவையில்லை.

கனகராயன்:

ஊமலடுப்பு அக்கா சொன்னதோட ஒண்டு சேர்க்கோணும். பழைய பிறிஜ்ஜைப் பழைய இரும்புக்காரருக்குக் குடுக்கேக்க குழாயை வெட்டவிட வேண்டாம். கொஞ்சம் பழைய பிறிஜ்ஜுகளில ஆர் 134ஏ வாயு இருக்கும். ஒரு கிலோ ஏறத்தாழ 1400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமனா வளியைச் சூடாக்கும். உள்ள இருக்கிறது 150 கிராம் எண்டாலும் 210 கிலோவுக்குச் சமன். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒண்டு எரிஞ்சு முடிஞ்சால் 37 கிலோ காபனீரொட்சைட். அப்ப ஒரு குழாய் வெட்டு அஞ்சாறு சிலிண்டருக்குச் சமன். வாயுவை உறிஞ்சி எடுக்கிற மெஷின் உள்ள திருத்துனரிட்டக் குடுங்கோ. புதுசு வாங்கேக்க பின்பக்கத் தகட்டில ஆர் 600ஏ எண்டு இருக்கிறதைப் பாத்து எடுங்கோ, அதின்ர பாதிப்பு மிகக் குறைவு.

கம்பிவேலை:

ஃபானுக்கு வாறன். 40 யூனிற் குடிக்கிற சாமான் எண்டதால இதிலதான் காசு போட்டால் கெதியாத் திரும்பும். பி.எல்.டி.சி. ஃபான், அதாவது எலெக்ரோனிக் போட்டால ஓடுற புது வகை மோட்டர் உள்ளது, முழு வேகத்தில 30 வாற் அளவுதான். 18 மணித்தியாலத்துக்கு 30 நாளில 16 யூனிற். மாதம் 24 மிச்சம்.

ஆனா மூண்டு பிழை விடுறவை. ஒண்டு, பி.எல்.டி.சி. ஃபானைப் பழைய சுவர் ரெகுலேற்றரோட பூட்டுறது. அதின்ர போட் எரியும். ரெகுலேற்றரைக் கழட்டி நேரடி சுவிச் குடுக்கோணும், வேகம் றிமோட்டால. ரெண்டு, இடி. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடியில இந்த போட்டுகள்தான் முதல் போகும். மெயின் போட்டில இடியோட வாற மிகை வோல்ற்றேஜைத் தடுக்கிற சேர்ஜ் அரெஸ்ரர் போடுங்கோ, எர்த் சரியா எண்டும் பாருங்கோ. கிரவல் நிலத்தில நாலடிக் கம்பி ஆவணி மாதம் காய்ஞ்ச மண்ணுக்க நிக்கும், எர்த் வேலை செய்யாது. குளியலறைத் தண்ணி ஓடுற இடத்துக்குக் கிட்ட, இன்னும் ஆழமா இறக்குங்கோ. மூண்டாவது, மெதுவாச் சுத்துது எண்டு நல்ல ஃபானை எறியிறது. பழைய ஃபானில 2.5 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒண்டு இருக்கு, அது காலப்போக்கில குறைஞ்சு போகும். கப்பாசிற்றரை மாத்தினால் பழைய வேகம் வந்திடும்.

புது ஃபானுக்குக் காசில்லாட்டி ரெகுலேற்றரையாவது பாருங்கோ. கனமான பெட்டி மாதிரி, தொட்டால் சுடுற பழைய ரெகுலேற்றர் குறைஞ்ச வேகத்திலயும் கரண்டை வெப்பமாக்கித் தின்னுது. கப்பாசிற்றர் வகை ரெகுலேற்றர் அப்பிடிச் சுடாது.

பாலைநிழல்:

ஃபானை மாத்துறதுக்கு முதல் கூரையைப் பாக்கோணும் எண்டு நான் சொல்லுவன். தகரத்துக்குக் கீழ மத்தியானம் ஃபான் போட்டால் அது மேல நிக்கிற அனலைத்தான் கீழ தள்ளும். ஏன் நாளுக்கு 18 மணித்தியாலம் ஃபான் ஓடுது? வீடு ஆறாததால.

ஓட்டு வீடு பரவாயில்லை, ஓடுகளின்ர இடைவெளியால காத்துப் போய்வரும். தகரமும் சீற்றும்தான் பிரச்சினை. ரெண்டு வழி இருக்கு. தகரத்துக்கு மேல வெள்ளை அடிக்கலாம், அல்லது கீழ சீலிங் போடலாம். முதலாவது மலிவு. வெள்ளை பெயின்ற் வெயிலில பெரும்பங்கை அப்பிடியே திருப்பி அனுப்பிடும். மத்தியானம் கை வைக்கேலாத தகரம் வெள்ளை அடிச்சால் கை வைக்கலாம்.

சீலிங் எண்டால் கிடுகோ பனையோலைப் பாயோ போதும். ஆனா தகரத்தில ஒட்டக்கூடாது, குறைஞ்சது அரை அடி இடைவெளியும், அந்த இடைவெளியின்ர ரெண்டு முனையிலயும் காத்துப் போக வழியும் இருக்கோணும். மூடிப் போட்டால் அனல் அதுக்குள்ளயே தேங்கி நிக்கும். கிடுகு கறையானுக்கும் எலிக்கும் விருப்பமான சாமான், நெருப்புக்கும் அப்பிடித்தான். குசினிக்கு மேல போடவே வேண்டாம்.

மேற்குச் சுவருக்குப் பந்தல் போடுங்கோ. பாகலோ புடோலோ, சுவரில இருந்து ரெண்டடி தள்ளிக் கொடி ஏத்தினால் பின்னேர வெயில் சுவரில படாது.

மாங்குளத்தான்:

பாலைநிழல் அண்ணை, தகரத்துக்கு வெள்ளை அடிச்ச வீடுகளைப் பாத்திருக்கிறன். ஒரு மாரி முடிய உரிஞ்சு பாளம் பாளமாத் தொங்குது. அப்ப ஏன் அடிப்பான்?

பாலைநிழல்:

தம்பி, உரியிறதுக்குக் காரணம் இருக்கு. கூடுதலாப் பேர் இரும்புக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயின்ற்றைத்தான் நாகம் பூசின தகரத்துக்கும் அடிக்கினம். நாகத்தோட சேர்ந்தால் அந்த எண்ணெய் மெல்ல மெல்லச் சவர்க்காரமா மாறும், பிடி விட்டிடும். தண்ணியில கரைக்கிற அக்ரிலிக் பெயின்ற்தான் வேணும். புதுத் தகரம் எண்டால் நாகத்துக்கெண்டு வாற அடிப்பூச்சு ஒரு கை. பழைய தகரம் எண்டால் துருவைக் கம்பித் தூரிகையால தேய்ச்சு, சவர்க்காரத் தண்ணியால கழுவி நல்லாக் காயவிட்டு, பிறகு துரு இருந்த இடத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கோணும்.

சுண்ணாம்பு மலிவு எண்டு தகரத்துக்கு அடிக்க வேண்டாம். அதின்ர காரம் நாகத்தைத் தின்னும், மாரியோட கழுவியும் போயிடும்.

நேரமும் முக்கியம். மாரி முடிஞ்சு மாசி, பங்குனியில, விடிய ஆறு மணிக்கும் ஒம்பது மணிக்கும் இடையில அடியுங்கோ. தகரம் சுட்ட பிறகு அடிச்சால் பெயின்ற் பிடிக்க முதலே காய்ஞ்சு தோலாகிடும். 600 சதுர அடி வீட்டுக்கு நெளிவையும் சேர்த்து 65 சதுர மீற்றர் கூரை வரும், ரெண்டு கைக்கு 12 லீற்றர் தேவை. மழைத்தண்ணியைத் தாங்கியில பிடிக்கிற வீடு எண்டால் அடிச்ச பிறகு முதல் ரெண்டு மழையையும் வெளியில விடுங்கோ.

அஸ்பெஸ்ரஸ் சீற்றை மட்டும் காய்ஞ்சபடி தேய்க்கக் கூடாது. பாசி கிடந்தால் நனைச்சு, மெல்லத் துடைச்சு எடுங்கோ. அதில இருந்து எழும்புற தூசி நெஞ்சுக்க போனால் வெளிய வராது.

கிணத்தடி:

மோட்டர் 22 யூனிற் எண்டு போட்டிருக்கு. அதில பாதி வீண். 1000 லீற்றர் தண்ணியை 12 மீற்றர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல்படி 0.033 யூனிற் போதும். மோட்டரும் பம்பும் சேர்ந்து கால்வாசித் திறனோட வேலை செய்தாலும் 0.13. நாளுக்கு 0.73 போகுது எண்டால் தண்ணி கூடப் பாவிக்கிறியள், இல்லாட்டி மோட்டர் தண்ணியைச் சரியாத் தூக்கேல்லை.

சோதிக்கிற முறை இது. தாங்கியை வெறுமையாக்கி நிரம்பும் நேரத்தை எழுதுங்கோ. ஒரு குதிரைவலு மோட்டர் நிமிஷத்துக்கு 40 லீற்றர் தந்தால் 1000 லீற்றருக்கு 25 நிமிஷம். 40, 50 நிமிஷம் போனால் கீழ சொல்லுற ஒழுங்கில தேடுங்கோ.

முதல்ல புட்வால்வ். ஒவ்வொரு நாளும் விடியத் தண்ணி ஊத்தித்தான் மோட்டர் எடுக்குது எண்டால் கிணத்துக்க இருக்கிற அந்த வால்வ் மூடேல்லை. கழட்டிப் பாருங்கோ, அனேகமா ஒரு சின்னக் கல்லோ இலைக்காம்போ ரப்பருக்க சிக்கியிருக்கும். ரப்பர் தேஞ்சிருந்தால் ரப்பரை மட்டும் மாத்தலாம். வால்வ் அடிமண்ணில இருந்து ரெண்டடியாவது மேல நிக்கோணும்.

ரெண்டாவது காத்து. தாங்கிக்குள்ள விழுற தண்ணி பால் மாதிரி வெள்ளையா, துப்பித் துப்பி வந்தால் உறிஞ்சு குழாயில எங்கயோ காத்து இழுக்குது. தண்ணி வெளியில ஒழுகாதபடியால கண்ணுக்குத் தெரியாது. ஓடேக்க ஒவ்வொரு மூட்டுக்கும் சவர்க்கார நுரை பூசுங்கோ. நுரை உள்ளுக்க உறிஞ்சுப்படுற இடம்தான் ஓட்டை.

மூண்டாவது குழாய். உள்விட்டம் 20 மில்லிமீற்றர் குழாயால 30 மீற்றர் தூரம் நிமிஷத்துக்கு 40 லீற்றர் தள்ளினால் உராய்வு மட்டும் 7 மீற்றர் உயரத்துக்குச் சமன். அதாவது உங்கட தாங்கியை ரெண்டு மாடிக்கு மேல வைச்ச மாதிரி. உள்விட்டம் 27 எண்டால் 2 மீற்றருக்குக் கீழ வந்திடும். கிணறு வளவின்ர மூலையில, வீடு றோட்டோரத்தில எண்ட காணிகளில இதுதான் பெரிய காரணம். ஒவ்வொரு முழங்கையும் கொஞ்சம் கூட்டும், வளைவு தேவையில்லாட்டி போடாதையுங்கோ.

நாலாவது ஆழம். மேல நிக்கிற மோட்டர் நடைமுறையில 7 மீற்றர், அதாவது 23 அடிக்கு மேல உறிஞ்சாது. ஆவணி, புரட்டாதியில தண்ணி அதுக்குக் கீழ இறங்கினால் சத்தம் மட்டும் வரும். அப்ப ஜெட் மோட்டர் வாங்கச் சொல்லுவினம். அது இழுக்கும், ஆனா தூக்கின தண்ணியில ஒரு பங்கைத் திரும்பக் கீழ அனுப்பித்தான் இழுக்கும், அதனால யூனிற் கூடும். கிணத்துக்க இறக்குற அமிழ் மோட்டர் நல்லது. பழைய மோட்டரையே கிணத்துப் படியில இறக்கி வைக்கிறதெண்டால் ட்ரிப் சுவிச் சோதிக்காமல் செய்ய வேண்டாம், மாரியில தண்ணி ஏற முதல் மேல எடுக்கவும் மறக்க வேண்டாம்.

தாங்கிக்கு மிதவை சுவிச் ஒண்டு போட்டுவிட்டால் வழிஞ்சு ஓடுறது நிக்கும்.

மாங்குளத்தான்:

இவ்வளவு பாடுபடுறதை விட்டு சோலர் போட்டால் முடிஞ்சுதே? 2016இல சூரிய பல சங்கிராமம் எண்ட அரசாங்கக் கூரை சோலர் திட்டம் தொடங்கின பிறகு எல்லாரும் போடினம்.

கனகராயன்:

போடலாம் தம்பி, ஆனா கடைசியில. எங்கட பக்கம் ஒரு கிலோவாற் பனல் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிற் தரும். 139 யூனிற் வீட்டுக்கு ஒரு கிலோவாற்றுக்கு மேல தேவை; 80க்குக் குறைச்ச வீட்டுக்கு முக்கால் கிலோவாற் போதும். குறைச்ச பிறகு போட்டால் பனலும் குறைவு. 60க்குள்ள நிக்கிற வீடு மலிவான யூனிற்றுக்குப் பதிலாக் கடன் எடுத்து சோலர் போட்டால் காசு திரும்ப நாள் போகும்.

போடுறவை கவனிக்க: கூரை தெற்குப் பக்கம், 10 பாகைச் சரிவு. அதுக்குக் குறைஞ்சால் மழையில தன்ர பாட்டில கழுவுப்படாது. தென்னை நிழல் ஒரு பனலின்ர மூலையில விழுந்தாலும் அதோட தொடரா இருக்கிற வரிசை முழுக்க இறங்கும். கிரவல் றோட்டுக்கு அருகில எண்டால் தூசியை மாதம் ஒருக்கா விடியப்பறம் கழுவோணும். கிணத்துத் தண்ணியைக் காய விட்டால் சுண்ணாம்புப் படை ஒட்டும், துடைச்சு எடுங்கோ. குரங்கு வாற இடத்தில கேபிளைக் குழாய்க்குள்ள விடுங்கோ. முக்கியமா, பற்றரி இல்லாத இணைப்பு கரண்ட் நிண்டால் தானும் நிக்கும். லைனில வேலை செய்யிறவைக்குக் கரண்ட் அடிக்காமல் இருக்க அப்பிடித்தான் செய்திருக்கு.

ஊமலடுப்பு:

பில்லைப் பற்றியே கதைக்கிறியள், புகையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எந்த நேரம் கரண்ட் எடுக்கிறம் எண்டதும் கணக்கு. பின்னேரம் 6.30 தொடக்கம் இரவு 10.30 வரைதான் நாடு முழுக்கக் கூடுதலா இழுக்கிற நேரம். அப்ப சூரியன் இல்லை. நுரைச்சோலையின்ர 900 மெகாவாற் நிலக்கரியோட எண்ணெய் நிலையங்களும் எரியும். நிலக்கரியில எடுக்கிற ஒரு யூனிற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட். மத்தியானம் நேர்மாறு. 2025 சித்திரை வருஷ விடுமுறையில, இழுக்க ஆளில்லாமல், கூரை சோலரை நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. அதால அயனும் மோட்டரும் உடுப்பு மெஷினும் பகல் பதினொண்டுக்கும் மூண்டுக்கும் இடையில. சாதாரண வீட்டு மீற்றரில பில் மாறாது, எரியிற நிலக்கரி மாறும்.

தேத்தண்ணிக்கும் இதே கணக்கு. ஒரு லீற்றர் தண்ணி கொதிக்க கேத்திலுக்கு 0.1 யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைவு. காஸில 12 கிராம், 35 கிராம் காபனீரொட்சைட். இரவு ஏழு மணிக்குக் காஸ் நல்லது, மத்தியானம் கேத்தில் நல்லது. ரெண்டிலயும் தேவையான கோப்பை அளவு தண்ணி மட்டும்.

கிணத்தடி:

அக்கா, விறகு இருக்கேக்க காஸ் ஏன்? விறகு திரும்ப வளரும்தானே.

ஊமலடுப்பு:

வளருற விறகு எண்டால் சரி. காட்டில வெட்டின பாலை மரமும் வீரை மரமும் அப்பிடிக் கெதியா வளராது. வேலியில கிளிசரிடியா நட்டுக் கவாத்துப் பண்ணின விறகு, தென்னம் பொச்சு, பனைமட்டை, ஊமல், இதெல்லாம் சரி. ஆனா மூண்டு கல் அடுப்பில விறகின்ர வெப்பத்தில நூற்றில பத்துப் பங்கு, கூடினால் பதினைஞ்சு பங்குதான் சட்டிக்குப் போகும். ரெண்டு வாய் மண் அடுப்பு, அனகி எண்டு கடைகளில வாறது, அதில பின்வாய்க்கு வீணாப் போற சூடு போகும். வாங்கின உடன அப்பிடியே மூட்டாதையுங்கோ, வெடிக்கும். புற்றுமண்ணோட உமியும் சாணியும் குழைச்சு நாலு பக்கமும் ரெண்டு அங்குல மொத்தத்துக்கு மெழுகி, நிழலில ஒரு கிழமை காயவிட்டு, முதல் நாள் சின்ன நெருப்பு.

விறகை மணிக்கட்டு மொத்தத்துக்குப் பிளந்து ஆவணிக்கு முதலே தாழ்வாரத்தில அடுக்குங்கோ. ஈரவிறகு தன்ர தண்ணியை ஆவியாக்கவே எரியும், புகை அதில இருந்துதான். அந்தக் கரிப்புகை ஆஸ்துமாவையும் கொண்டுவரும், வளியையும் சூடாக்கும்.

காஸோ விறகோ, வைக்கோல் பெட்டி ஒண்டு செய்துபாருங்கோ. காலபோக வெட்டு முடிய வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பலகைப் பெட்டி, அடியில நாலு அங்குலத்துக்கு வைக்கோலை இறுக்கி மிதியுங்கோ. பானையை நடுவில வைச்சு, சுத்திவர நாலு அங்குலம் இறுக்கி அடையுங்கோ. பானையை எடுத்தால் அதின்ர வடிவத்தில குழி நிக்கோணும். மேல மூட வைக்கோல் அடைச்ச தலையணை. சிவப்புப் புழுங்கல் அரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைச்சு, கொதி வந்து 12 நிமிஷம் எரிச்சு, மூடியைத் திறக்காமல் அப்பிடியே பெட்டிக்க இறக்குங்கோ. ஒரு மணித்தியாலத்தில சோறு. ஆவி போகாதபடியால தண்ணியைக் கால்வாசி குறையுங்கோ, வடிக்கிற வேலை இல்லை. பருப்பு அஞ்சு நிமிஷம் கொதிச்சால் போதும், முக்கால் மணித்தியாலம் உள்ளுக்க.

பிழைக்கிறது எங்க எண்டால், பானையில பாதிக்குக் குறைவா இருந்தால் சூடு நிக்காது. இடையில திறந்து பாத்தாலும் அப்பிடித்தான். மூண்டு மணித்தியாலத்துக்கு மேல வைச்சால் சூடு 60 பாகைக்குக் கீழ இறங்கிப் பழுதாகும். இறைச்சிக் கறியை எடுத்த பிறகு திரும்ப ஒருக்காக் கொதிக்க வையுங்கோ. வைக்கோல் நனைஞ்சால் பூஞ்சணம் பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கா வெயிலில கொட்டிக் காயவையுங்கோ.

மாங்குளத்தான்:

மாட்டுப்பட்டி இருக்கிறவை சாண எரிவாயு போடலாமே அக்கா?

ஊமலடுப்பு:

போடலாம், ஆனா பட்டியில அள்ளுற சாணத்தோட மணல் வரும், அது தொட்டியின்ர அடியில படிஞ்சு ஒரு வருஷத்தில இடத்தைப் பிடிச்சிடும். வாளியில கரைச்சு, மணல் அடியில தங்க விட்டு மேல் கரைசலை மட்டும் விடுங்கோ, சாணியும் தண்ணியும் சரிபாதி. குழாயில ஒழுக்கு இருந்தால் போடாமல் விடுறதே நல்லது. மீதேன் 100 வருஷக் கணக்கில காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். காஸ் அடுப்பின்ர முனைத்துளை இதுக்குச் சின்னன், பெருப்பிச்ச முனை வேணும்.

கனகராயன்:

எல்லாரும் சொன்னதை வைச்சுத் திரும்பக் கணக்குப் போட்டன். கதவு ரப்பரும் இடமும் சரிசெய்த பிறிஜ் 36, பி.எல்.டி.சி. ஃபான் 16, மோட்டர் 11, ரீவி 7, கொஞ்சம் சிக்கனமாப் பாவிச்சால் குமிழ் 6, அயன் 3. சோறு வைக்கோல் பெட்டிக்குப் போனால் ரைஸ்குக்கர் பூச்சியம். 79. தொண்ணூறுக்குள்ள வந்தாச்சு. கூரை வெள்ளையடிச்சு ஃபான் 18இல இருந்து 12 மணித்தியாலமாக் குறைஞ்சால் 5 போய் 74. அறுபதுக்குள்ள போக புது பிறிஜ் வேணும். நாளுக்கு 0.8 எடுக்கிற ஒண்டு எண்டால் 62. கடைசி ரெண்டு யூனிற்றுக்குத்தான் இனி ஆராயோணும்.

கம்பிவேலை:

அண்ணை, 62ஐப் பாத்துக் கவலைப்பட முதல் பில்லில நாளெண்ணிக்கையைப் பாருங்கோ. மீற்றர் பாக்கிறவர் 34 நாளில வந்தால் படியும் நாளுக்கேற்ப நீளும், 60 எண்டது 68 ஆகும். 27 நாளில வந்தால் 54. அதால மீற்றர் எண்ணை மாதக் கடைசியில பாக்காமல் பத்து நாளுக்கு ஒருக்கா குசினிக் கதவில எழுதுங்கோ, பத்து நாளுக்கு 20. கூடினால் அண்டைக்கே சிவப்பு லைற்றை எண்ணித் தேடலாம். ரீவியும் செற்றொப் பெட்டியும் ரிமோட்டால மட்டும் நிப்பாட்டிக் கிடந்தால் அதில ரெண்டு, மூண்டு யூனிற் வரும், சுவரில நிப்பாட்டினால் உங்கட ரெண்டு யூனிற்றும் அங்கதான் கிடக்கு.